சமவெளியில் மலையேறுபவர்

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து வைத்த நம் முன்னோர், ஓர் இனத்தை மட்டும் வகுக்காமல் விட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அந்த இனம் அப்போது தோன்றியிருக்கவில்லை. அதன் பெயர் சமவெளி மலையேறி.

திண்டுக்கல்லைச் சுற்றிய சமநிலத்தில், ஞாயிறுதோறும் பொழுது புலரும் வேளையில் இதைத் தவறாமல் காணலாம். தலையில் துளைகள் மலிந்த கவசம், வெயில் வருமுன்பே கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தைப்பதற்குத் துணி போதவில்லையோ என்று பார்ப்போர் ஐயுறும்படி உடலோடு ஒட்டிய உடை, அந்த உடைக்குக் கீழே மலைப்பாதைக்கென்றே வார்த்தெடுத்த மிதிவண்டி. அதற்கு அடுக்கடுக்காய்க் கியர்கள், பள்ளத்தில் விழுந்தால் தாங்க ஷாக் அப்சார்பர், முதலையின் முதுகைப்போல் முண்டும் முடிச்சுமாக டயர்கள். எல்லாம் உண்டு. மலை மட்டும் இல்லை.

மலையே இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? சிறுமலை அதோ நிற்கிறது. மலையேறி அதைக் காண்பார். கைகூப்பாத குறையாக வியப்பார். தம் வண்டியை முன்னால் நிறுத்திப் படம் பிடிப்பார். பிறகு வண்டியை எதிர்த்திசையில் திருப்பிவிடுவார். குறிஞ்சிக்கென்று பிறந்த குதிரையை மருதத்திலேயே ஓட்டி முடிப்பது என்று விரதம் பூண்டவர் அவர்.

இவ்வினத்தின் குறையற்ற மாதிரி ராயப்பராஜ். பழனி சாலையில் தரை ஓடு விற்கும் கடை வைத்திருக்கிறார். ஊரார் வீட்டுத் தரைகளையெல்லாம் மேடுபள்ளமின்றிச் சமமாக்கியே ஐம்பதைக் கடந்தவருக்கு, மேடுபள்ளத்தின்மேல் இப்படியொரு காதல் எப்படி வந்தது என்பதை ஆண்டவர் அறிவார். ஆண்டவருக்கு உரிய நேரத்தையும் அவர் குறைத்துவிடவில்லை: ஞாயிறு காலை வண்டிக்கு வேண்டுமென்பதால், சனி மாலைத் திருப்பலிக்கே போய்க் கடனைத் தீர்த்துவிடுவார். வீடு திரும்பியதும் டயருக்குக் காற்று, சங்கிலிக்கு எண்ணெய், பேரீச்சம்பழம் நான்கு, குப்பியில் எலுமிச்சை நிறத்துச் சத்துநீர். இவை வழிபாட்டின் இரண்டாம் பகுதி.

மனைவி புஷ்பமேரி இதைப் பார்த்துக்கொண்டே கேட்பார்:

"கோதுமை அரைச்சுட்டு வாங்கன்னா முட்டி வலிக்குதுங்கிறீங்க. சித்தையங்கோட்டைக்குப் போனா மட்டும் வலிக்காதாக்கும்?"

"அது வேற தசை, புஷ்பம்."

"அந்தத் தசைக்கு மாவு மில்லுக்கு வழி தெரியாதோ?"

இதற்கு மலையேறியின் மறுமொழி எப்போதும் ஒன்றே: டயரை விரலால் அழுத்திப் பார்ப்பது.

பாதையைத் தேர்வதுதான் அவருடைய பெருந்தவம். மேடு கூடாது. லாரி கூடாது. பேருந்து கூடாது. குரைக்கும் நாய் கூடாது. குரைத்தாலும் எழுந்து வரக் கூடாது. இத்தனையும் பொருந்திய எளிய தடமாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் அதற்கு "சவாலான டெரெய்ன்" என்று பெயர் சூட்டுவார். வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம் வந்துவிட்டால் போதும்; ஏறுமுன் தண்ணீர், ஏறியபின் வாழைப்பழம், இறங்கியபின் அனுபவ உரை. இவ்வளவு பாட்டுக்கும் பயன் என்ன? கைப்பேசிச் செயலி, சென்ற வழியைச் சிவப்புக் கோடாக வரைந்து காட்டும். நீண்டு சென்று, வளைந்து, வீடு திரும்பும் அந்தக் கோட்டைக் குழுவில் இட்டால் கட்டைவிரல்கள் உயரும். அந்தக் கோடே அவர் வேண்டும் வரம்.

தை முடியும் ஒரு ஞாயிறன்று, புதிதாய்ச் சேர்ந்த சிலருக்கு அவர் தலைமை தாங்கினார். "ரெட்டியார்சத்திரம் தாண்டி உள்ரோட்டுல போயி சித்தையங்கோட்டை. ஒரு வண்டி வராது. நான் கேரண்ட்டி" என்று வாக்களித்திருந்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். ஒரு வண்டியும் வரவில்லை.

பழைய உலா நூல்களில் தலைவன் வீதியில் வருகையில் எழுபருவ மகளிரும் மாடத்தில் நின்று வளை நெகிழ்வார்கள். இவர்கள் உலாப் போந்தபோது தேநீர்க் கடைப் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் நெகிழ்ந்தார். தலைக்கவசங்களைக் கண்டதும், "ஏப்பா, கரண்டு ஆளுகளா? எங்க தெருக் கம்பத்தச் செத்தப் பாத்துட்டுப் போங்கப்பா" என்று எழுந்தே வந்துவிட்டார்.

உட்சாலையில் ஒரு திருப்பம். திரும்பினால் தார்ச்சாலையைக் காணோம். சாலையின் அகலம் முழுவதும், பார்க்கும் தூரம்வரை, காய்ந்த கொள்ளுச் செடி பரப்பிக் கிடந்தது. போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்து நெற்றுகளை உடைக்கட்டும் என்று, பிடுங்கிய செடியைச் சாலையில் போடுவது அவ்வூர் வழக்கம். ஓரத்தில், செடியைப் புரட்டும் கவைக்கம்போடு, அந்தக் கொள்ளுக்கு உரியவரான பழனியம்மாள் நின்றிருந்தார். மேற்கே கொடைக்கானல் மலைப்பக்கம், தை மாதத்துக்குச் சற்றும் பொருந்தாத கரிய மேகம் ஒன்று திரண்டுகொண்டிருந்தது.

ராயப்பராஜ் மேகத்தைப் பார்க்கவில்லை. பழனியம்மாளைப் பார்க்கவில்லை. வாழ்வில் முதன்முறையாகக் கரடுமுரடான நிலத்தைப் பார்த்தார்.

"டெரெய்ன்!" என்றார். "எல்லாரும் கவனிங்க. உடம்பைப் பின்னால சாய்ங்க. பிரேக் தொடாதீங்க."

முடிச்சு டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. நெற்றுகள் படபடவென வெடித்தன. மறுகரை சேர்ந்து அவர் வெற்றியுடன் திரும்பிப் பார்த்தால், பழனியம்மாள் குனிந்து, சிந்திய மணிகளை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த நில்லுங்கப்பு. இம்புட்டு வண்டியோட எங்க போறீக?"

"சித்தையங்கோட்டைக்கும்மா."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"விசேசமா?"

"இல்ல, சும்மா."

"போயி?"

"திரும்பி வருவோம்."

பழனியம்மாள் மேகத்தை ஒருமுறையும் அவரை ஒருமுறையும் பார்த்தார்.

"சும்மா போயிட்டுத் திரும்பி வாரதுக்கு அம்புட்டுத் தூரம் எதுக்கப்பு? இங்கனயே போயிட்டுத் திரும்பி வாங்களேன்!"

மலையேறி டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். பழனியம்மாளே மேலும் சொன்னார்: "அங்கிட்டுப் பாலத்தத் தோண்டிப் போட்டுட்டாக. மினிபஸ்ஸு வாரதில்ல, லாரி வாரதில்ல. ரெண்டு நாளா ஒத்த வண்டி ஏறல. இந்தா மழை வருது. நனஞ்சா அம்புட்டும் மொளச்சுப் போகும். வருசத்து வெள்ளாமையப்பு."

எந்த வெறுமைக்காக இந்தச் சாலையை ஆராய்ந்து தேர்ந்தாரோ, அதே வெறுமைதான் இந்த அம்மாளை மேகம் பார்க்க வைத்திருக்கிறது. ராயப்பராஜ் கைப்பேசியை எடுத்தார். சிவப்புக் கோடு அழகாக நீண்டு வந்து நின்றிருந்தது. இன்னும் பாதிதான், சித்தையங்கோட்டையைத் தொட்டு வளைந்துவிட்டால் முழுமை. இங்கேயே சுற்றினால் அது என்ன கோலமாகும் என்பதை எண்ணிப் பார்த்தார். புதியவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். மேகம் ஒருமுறை உறுமியது.

"இன்னைக்கு டெக்னிக்கல் ட்ரெய்னிங்" என்றார் ராயப்பராஜ்.

சுற்றினார்கள். போனார்கள், வந்தார்கள், மீண்டும் போனார்கள். பழனியம்மாள் கவையால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே ஏவினார்: "ஓரத்துல போங்கப்பு, ஓரம் உதிரல! ஏ சேப்புச் சட்டை, நடுவுல என்ன கோலமா போடுற?" சிவப்புச் சட்டைக்காரரான கிதர் முகம்மது, நகரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், திகைத்து ஓரத்துக்குத் திருப்பினார், டயர் மணிகளில் வழுக்கிற்று, வண்டியோடு குப்புற விழுந்து உருண்டார்.

"அடி பட்டிருச்சா தம்பி?"

"இல்லம்மா."

"உருண்டதுல ஒரு படி உதிந்திருக்கும். நல்லா விழுகுற. இன்னொருக்கா விழு."

சருகு சக்கரத்தில் சுற்றி இழுத்தது. ராயப்பராஜின் தொடை எரிந்தது, மூச்சு வாங்கியது, வண்டி நின்றுவிடும்போல் இருந்தது. அப்போதுதான் அவர் கட்டைவிரல், வாங்கிய நாள் முதல் தொடாத பொத்தானைத் தேடி அழுத்தியது. கட கடவென்று சங்கிலி இறங்கிற்று. முதல் கியர்! கடைக்காரர் அன்று விளக்கியதெல்லாம் மெய்தான். ஒரு சாண் உயரமும் இல்லாத அந்த இடத்தில், தம் வாழ்நாளின் ஒரே மலையை ராயப்பராஜ் ஏறிக்கொண்டிருந்தார்.

முதல் துளி விழுந்தபோது நெற்றுகள் பெரும்பாலும் உடைந்திருந்தன. எல்லோருமாகச் சருகை ஒதுக்கி, மணியைக் கூட்டி, மூட்டையில் வாரி, தார்ப்பாயால் மூடினார்கள். மூடி முடித்ததும் மழை கொட்டித் தீர்த்தது. பழனியம்மாள் மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். ராயப்பராஜின் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. ராயப்பராஜின் தலைக்கவசத்தை வாங்கி அதில் கொள்ளை அள்ளினார். அத்தனையும் துளைகள் வழியே ஒழுகிற்று.

"இம்புட்டு ஓட்டையா? இதப் போட்டுத்தான் தலையக் காப்பாத்துறீகளாக்கும்?"

இறுதியில் சத்துநீர் மண்ணுக்குப் போயிற்று. குப்பியில் கொள்ளு நிறைந்தது. குதிரைக்கு உரியது குதிரையின்மேலேயே ஏறி வந்தது.

அன்று மாலை அந்தக் கோட்டைக் குழுவில் இடுமுன் ராயப்பராஜ் நெடுநேரம் தயங்கினார். நேராக வந்த கோடு ஓரிடத்தில் கோழி கிளறிய குப்பையாகக் கிடந்தது. "குறுகிய தடத்தில் தொடர் பயிற்சி. நிலம் மிகக் கடினம்" என்று எழுதி இட்டார். "அண்ணே, ஃபோன் ரிப்பேரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். புஷ்பமேரி எதுவும் கேட்கவில்லை. குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தவர், "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் எதையோ கொண்டு வந்திருக்கீங்க" என்று ரசத்துக்கு வேகப் போட்டார். மறுநாள் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "அப்பு, வார ஞாயித்துக்கெழம சோளம் காயப் போடுறேன். அந்த நல்லா விழுகுற தம்பியவும் கூட்டியாங்க."

சிரித்தாயிற்றா, வாசகரே? இனி உங்கள் வீட்டுக்குள் வருவோம். ஆழ்கடலிலும் நீர் புகாது என்று வாங்கிய கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே குளிக்கிறீர்கள்? பாலைவனம் கடக்கும் காரில் போய்த்தானே கீரைக்கட்டு வாங்குகிறீர்கள்? உங்கள் டிரெட்மில் என்னும் நடைப்பொறியின்மேல் இப்போது காய்வது யாருடைய வேட்டி? அப்படிப்பட்ட ஆடம்பரம் எதுவும் இல்லை, காலையில் கொஞ்சம் நடப்பதோடு சரி என்கிறீர்களா? நல்லது. நடந்து எங்கே போகிறீர்கள்? அங்கே யார் இருக்கிறார்கள்?

யாரும் இல்லையென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சோளத்துக்குப் பின் உளுந்து காத்திருக்கிறது. பழனியம்மாளுக்கு இன்னும் கால்கள் போதவில்லை.