ஜெர்மன்காரரை நலம் விசாரித்த ஞாயிறு அண்ணாச்சி

ஏஐயிடம் "சாப்பிட்டீகளா?" என்று விசாரித்துவிட்டு வேலையை ஆரம்பித்த ஒரே மனிதர் இந்த சிவகாசியில் எங்கள் ஞாயிறு அண்ணாச்சிதான். தான் சாப்பிடுவதில்லை என்று அது பதில் போட்டது. "பாவம்லே" என்றார் என்னிடம்.

காலண்டர் கம்பெனி டிசைன் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். முதலாளி கஞ்சன். இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளைத்தான் போட்டுத் தருவார். அதில் ஒரு கோளாறு. சிவப்பாக வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமைத் தாளெல்லாம் அச்சில் கறுப்பாக வந்தது. அண்ணாச்சி அதைக் கட்டிக்கொண்டு அழுததில் வந்த பெயர்தான் ஞாயிறு. நிஜப் பெயர் எனக்குத் தெரியாது.

அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்கள் இந்தக் கோளாறைப் பற்றியே இணையத்தில் நாலு வருடமாக ஆங்கிலத்தில் சண்டை போட்டிருந்தார்கள். முந்நூறு பதிவு. எவன் படிப்பான்? மொத்தத்தையும் ஏஐயிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். பத்து வரியில் சொன்னது. ஒரு செட்டிங்கை மாற்றினால் தற்காலிகமாகச் சரியாகுமாம். மாற்றினேன், சிவந்தது. வேலை முடிந்தது.

எனக்குத்தான் முடிந்தது. "முந்நூறு பேச்ச பத்து வரியில சொல்லுது. மத்ததெல்லாம் சும்மாவாலே பேசிருப்பாக?" என்று அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரமெல்லாம் ஒவ்வோர் ஆளாக ஏஐயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மனைவியை இழந்து, வாடகை அறையில் தனியாக இருந்த மனிதர். பேச ஆள் கிடையாது. என்னிடம் பேச வந்தால் நான் கடித்துக் குதறுவேன். பிரேசில்காரர் சண்டையை விலக்கிவிடுகிறவர், ஜப்பான்காரர் ரெண்டு சொல்லுக்கு மேல் பேசமாட்டார் என்று சம்பந்தி வீட்டு ஆட்களைப் போலச் சொல்வார். ஜெர்மனியில் ஒருவர் எல்லார் மேலும் எரிந்து விழுவாராம். "அப்படியே ஒன்ன மாதிரிலே."

ஒருநாள் அவர் முகம் சரியில்லை. ஜெர்மன்காரர் ஆறு மாதமாக யாரையும் திட்டவில்லையாம். ஏன் என்று குடைந்து குடைந்து கேட்டதில், வேலைக்குச் சம்பந்தமில்லை என்று தான் விட்டிருந்த ஒரு வரியை ஏஐ எடுத்துக் காட்டியது. 'மனைவி மருத்துவமனையில். திருத்தம் தாமதமாகும்.' அதற்கு அடியில் பத்துப் பேர், திருத்தம் எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள்.

"வீட்டம்மா எப்படி இருக்காகன்னு ஒருத்தர்கூட கேக்கலியேலே."

அது கோளாறைப் பேசுகிற இடம், துக்கம் விசாரிக்கிற இடமில்லை என்று கத்தினேன். கேட்கவில்லை. அவர் தமிழில் நலம் விசாரிக்க, ஏஐ அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க, அங்கே போட்டே விட்டார். பிறகு தினமும் வந்ததும் வராததுமாக அதைத்தான் திறப்பார். இருபது நாள் ஒன்றும் வரவில்லை. டீயை ஆறவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இருபத்தோராம் நாள் வந்தது. 'மனைவி இறந்துவிட்டார். கேட்டதற்கு நன்றி. இங்கே எழுதும்போது எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும். விதிகளைப் படிக்கவும்.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"திட்டுறார்லே. எந்திரிச்சிட்டார்."

அந்தக் காலண்டர் சீசனோடு அவர் மகள் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார். முதலாளி வேறு ஆள் போடவில்லை. எதிர் நாற்காலியில் இப்போது பழைய தாள்கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் அண்ணாச்சி இன்னும் இருக்கிறார்.

போன மாதம் காய்ச்சலில் நாலு நாள் அறையில் கிடந்தேன். ஃபைல் எப்போது வரும் என்று குரூப்பில் ஒன்பது செய்தி. தனியாக ஒன்று, அண்ணாச்சியிடமிருந்து.

"நாலு நாளா குரூப்புல யாரையும் திட்டலியே. ஒடம்புக்கு என்னலே?"

ஒங்க சோலியப் பாருங்க அண்ணாச்சி என்று எரிந்து விழுந்துதான் பதில் போட்டேன். படித்துவிட்டுச் சிரித்திருப்பார்.