ஏரிக்கு இசைவாணை

ஒரு மனிதர் பன்னிரண்டு வருடம் ஓர் ஏரியைப் பற்றியே சங்கீதம் எழுதினால், அந்த ஏரிக்கே அலுப்புத் தட்டிவிடும். நம் இசையமைப்பாளருக்குத் தட்டவில்லை. எழுபத்திரண்டு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய மகா படைப்பு அது. பெயர் 'ஏரி'. வயலின்கள் சிற்றலை, புல்லாங்குழல்கள் நாணல், மூன்றாம் பகுதியில் பெரிய பித்தளைக் குழல்கள் தவளை. ஊரார் அவரை ஏரிக்காரர் என்றார்கள். வீட்டில் அழைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுத முடியாது.

ஏரிக்கரையில்தான் வீடு என்றாலும் அவர் ஏரிப் பக்கம் போனதில்லை. கொசு. ஜன்னலை இறுக்கிச் சாத்தி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் இயற்கையின் குரலைக் கேட்டார்.

எழுதி முடித்ததும், அரங்கத்து மேலாளர் இசைத்தாள் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பிரமாதம். இப்பல்லாம் சுற்றுச்சூழல்னாதான் ஜனங்க வர்றாங்க. போன மாசம் ஒருத்தர் பனிக்கட்டி உருகறதை நாற்பது நிமிஷம் வாசிச்சார். முன்வரிசைக்கு ஜலதோஷமே பிடிச்சிருச்சு. ஆனா அரசு ஆணை வேணும் சார். மாசக் கடைசிக்குள்ள கொண்டுவாங்க. இல்லைன்னா 'பாலைவனம்'னு ஒருத்தர் காத்திருக்கார்."

"பாலைவனத்துல என்ன வாசிப்பாங்க?"

"ஒண்ணும் வாசிக்க மாட்டாங்க. அதனால ஒத்திகை மிச்சம்."

வீட்டில் மனைவி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "இந்தத் தடவையும் வாசிக்கலைன்னா, கட்டு மொத்தமும் பழைய பேப்பர்காரனுக்கு. சொல்லிட்டேன்."

மறுநாள் ஏரிக்காரர் அரசு அலுவலகத்தின் மூன்று மாடி ஏறினார். ஒரு கதவின் மேல் பலகை: 'இசைவாணைப் பிரிவு'. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இசைக்கு ஆணை கொடுக்க அரசாங்கத்தில் தனிப் பிரிவா! நடுவில் நின்ற 'வ' எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. ஏதாவது இலக்கணமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். ஆலைகள் புகை விடவும் சாக்கடை விடவும் அரசு தன் இசைவைத் தெரிவித்து ஆணை வழங்கும் இடம் அது.

அலுவலர் படிவத்தை எடுத்தார். "தொழிலகத்தின் பெயர்?"

"ஏரி."

"எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

"எழுபத்திரண்டு."

"மூலப்பொருள்?"

"காற்றுதான் சார். அப்புறம் கொஞ்சம் நரம்பு, கொஞ்சம் மரம்."

"மரம் வெட்டுறீங்களா?"

"வெட்டினது போன நூற்றாண்டுல."

'மரங்கள் முன்னரே வெட்டப்பட்டுவிட்டபடியால் ஆட்சேபணை இல்லை' என்று அலுவலர் எழுதினார். "கழிவுநீர் உண்டா?"

ஏரிக்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். "பித்தளைக் குழல் ஊதறவங்க நடுநடுவுல எச்சிலை வடிப்பாங்க."

"எங்க?"

"தரையில. கொஞ்சம் மரியாதையானவங்க கைக்குட்டையில."

'சுத்திகரிப்பு நிலையம் பகுதியளவில் செயல்பட்டு வருகிறது.' "சரி, கடைசியில என்ன உற்பத்தியாகுது?"

"பரவசம்."

"எத்தனை டன்?"

இந்த இடத்தில் ஏரிக்காரருக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் பன்னிரண்டு வருடத்தில் அவருடைய படைப்பைப் பற்றி இத்தனை கேள்வி கேட்ட முதல் மனிதர் இவர்தான். எழுந்துபோக மனம் வரவில்லை. "ரெண்டு டன் போட்டுக்கோங்க" என்றார்.

அலுவலர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை உருவினார். "இந்த ஏரி பேர்ல ஏற்கெனவே ஒரு புகார் இருக்கே. 'தவளைகள் இடைவிடாது கத்துவதால் ஏரியைப் பற்றிய என் பணி தடைபடுகிறது. தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன்...' கையெழுத்து உங்களோடதுதானே?"

ஏரிக்காரர் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். "அது... ஒம்பது வருஷம் ஆச்சே. நடவடிக்கை எடுத்தீங்களா?"

"எடுக்காம? ஏரியையே தூர்த்துட்டோம். அது மேலதான் அரங்கம் கட்டியிருக்கு. இந்த ஆபீஸ்ல ஒரு புகார் மேல முழுசா நடவடிக்கை எடுத்தது அது ஒண்ணுதான் சார்!"

தவளைச் சத்தம் நின்றது பஞ்சின் மகிமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார் பாவம்.

இசைவாணை வந்தது. நிபந்தனை இரண்டு: ஒலி நாற்பத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. முன் புகாரை முன்னிட்டு, தவளை அறவே கூடாது.

அப்படியே அரங்கேறியது. வில்கள் நரம்பைத் தொடாமல் மேலேயே போய்வந்தன. குழல்காரர்கள் கன்னத்தை உப்பவைத்துக் காற்றை விழுங்கினார்கள். சபை சொக்கிப்போனது. "தண்ணியில்லாத ஏரியோட வலியைச் சொல்றார்" என்று ஒருவர் பக்கத்து நாற்காலிக்கு விளக்கினார்.

மூன்றாம் பகுதியில், மேடைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம்.

கொர்ர்... கொர்ர்...

அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த மனைவி ஏரிக்காரரின் கையைப் பிடித்தார். "ஏங்க, இதைத்தான் பன்னிரண்டு வருஷமா எழுதினீங்களா? நல்லாருக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்காத வார்த்தை. "ஆமா" என்றார் ஏரிக்காரர்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் அலுவலர் ஒலிமானியுடன் வந்தார்.

"அறுபத்தொண்ணு டெசிபல் சார். அந்தச் சத்தம் உங்களோடதுன்னா இசைவாணை ரத்து. 'ஏரி' இனிமே எந்த மேடையும் ஏறாது. தவளையோடதுன்னா ஒரு புகார் எழுதிக் கொடுங்க. மிச்சம் மீதி இருக்கற இடத்துல சிமென்ட் ஊத்திடறோம்."

மனைவி அவர் முகத்தையே பார்த்தார். கீழிருந்து மறுபடி, கொர்ர்.

ஏரிக்காரர் பேனாவை வாங்கினார். பழைய புகார் ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. எழுதி நிமிர்ந்தால், பின்னால் நீண்ட வரிசை. இயற்கையை நிம்மதியாக ரசிக்க விடவில்லை என்று சபை மொத்தமும் கையெழுத்துப் போடக் காத்து நின்றது.

மனைவி மட்டும் வரிசையில் சேரவில்லை. "நல்லா வாசிச்சது அது ஒண்ணுதாங்க" என்றார்.

ஏரிக்காரர் சட்டைப்பையில் பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தார்.