பாதி மொட்டை

திரையில் தமிழ் வரவில்லை. கட்டம் கட்டமாக வந்தது.

படம் ஆரம்பித்து மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. பனி கொட்டுகிறது. கையில் விலங்கோடு ஒரு தாடிக்காரன் நடக்கிறான். கீழே வசனம் வரவேண்டிய இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். கதிரவன் எட்டு மாதம் உட்கார்ந்து தமிழில் எழுதிய வசனம் அது. ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் தன் ஜெராக்ஸ் கடையை மதியத்தோடு சாத்திவிட்டு, இங்கிலீஷ் வசனத்தை எதிரில் வைத்துக்கொண்டு வரிவரியாக எழுதினான்.

"இன்னா கதிரு, ரஷ்யாக்காரன் சதுரம் சதுரமா பேசறான்?" என்றார் தியேட்டர் முதலாளி எல்லப்பன்.

அவர் இந்தத் தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கப் போகிறார். கதிரவன் போய்ச் சண்டை போட்டான். திருத்தணிக்காரனுக்கு நல்ல படம் புரியாது என்று யார் சொன்னது? கத்தல் தாங்காமல் எல்லப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியைக் கொடுத்தார்.

"படம் முடியறப்போ முப்பது பேர் சீட்டுல இருக்கணும். இருந்தா மண்டப வேலைய ஒரு வருசம் தள்ளிப் போடறேன். இருபத்தொம்பது இருந்தாலும் நாளைக்குக் காலையில மேஸ்திரி வந்து சீட்டப் பேத்துடுவான்."

இப்போது நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். பாதிப்பேர் மலையில் வேண்டுதல் முடித்து இறங்கி, அரக்கோணம் ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று ஏசிக்காக நுழைந்தவர்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் இருட்டில் வரிசையாக மினுங்கின.

"கொஞ்சம் வெட்டி ஓட்டிடலாமா? ரெண்டே முக்கா மணி நேரமும் பனியே கொட்டும் போலக்குதே" என்றார் எல்லப்பன்.

"ஒரு செகண்டு வெட்டமாட்டேன்" என்றான் கதிரவன். அச்செடுத்து வைத்திருந்த வசனக் கட்டைத் தூக்கினான். வண்டியை வழியில் நிறுத்துகிறவர்களைத் திட்ட எல்லப்பன் வைத்திருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"குதிரை வியாபாரத்தில் அன்புக்கு இடமில்லை, இளவரசி!"

திரையில் ஒரு சிப்பாய் தாடிக்காரன் முதுகில் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்தான்.

"குதிரை எங்கபா?"

"அத்த உடு. இளவரசின்றது அந்தத் தாடிக்காரனையா?"

கதிரவனுக்குச் சிரிப்புதான் வந்தது. முதல்முறை பார்த்தபோது அவனையே உலுக்கிய இடம் அது. காட்சி ஒன்று, பேச்சு வேறொன்று. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. அதுதான் அந்த இயக்குநரின் மேதைமை. இதைப்பற்றி முகநூலில் நான்கு பாகம் எழுதியிருக்கிறான்.

"கண்ணால பாக்காதீங்க!" என்று மைக்கில் கத்தினான். "மனசால பாருங்க!"

ஒன்பது பேர் மனசால் பார்க்க வெளியே போனார்கள்.

மிச்சம் இருப்பவர்களைக் காப்பாற்ற, "இடைவேளை கிடையாது" என்று அறிவித்தான். அதுவரை எழுந்திருக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் அந்த நொடியே அவசரம் வந்துவிட்டது.

"ஒன்னுக்குப் போவக்கூட வுடமாட்டியா? இது சினிமாவா, ஜெயிலா?"

இன்னும் எட்டுப் பேர் போனார்கள். எண்ணிப் பார்த்தான். இருபத்தொன்பது. வாசலில் எல்லப்பன் மேஸ்திரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வரிசையில் டாக்டர் மோகனப்ரியா மட்டும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிளினிக் வைத்திருப்பவள். அழ ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று கதிரவன் குரலை உயர்த்தினான்.

திரையில் சிறைச்சாலை. தாடிக்காரனை முக்காலியில் உட்காரவைத்து, தலையில் இடது பாதியை மட்டும் வழித்து விடுகிறார்கள்.

"மாமா, இந்தக் கோடையில் நாம் தேனீ வளர்க்கலாம்" என்று படித்தான் கதிரவன்.

"அட, தேனீயாம் தேனீ!" என்று எழுந்தார் வேணு. மலையடிவாரத்தில் முப்பது வருஷமாக மொட்டை போட்டுவிடுகிறவர். "பாதி சிரைச்சி வுட்டா ஓடமாட்டான்பா. கூட்ட நாள்ல நாங்க செய்யற வேலதான். வர்றவனுக்கெல்லாம் நட்ட நடுவுல ஒரு வழி வழிச்சி உக்கார வெச்சிடுவோம். அப்புறம் வேற கடைக்கு எப்டி போவான்?"

மொட்டைகள் கொல்லென்று சிரித்தன. "ஆங், என்னையும் அப்டிதான் ஒரு மணி நேரம் உக்கார வெச்சாங்க" என்றார் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர், தலையைத் தடவிக்கொண்டு.

"அப்போ இவன் ஓடுவானா அண்ணா?"

"ஓடத்தான் போறான். வழிக்கறப்போ கண்ணு கதவு மேலயே இருந்துச்சி பாரு."

ஓடினான். தொப்பியால் தலையை மூடிக்கொண்டு பனியில் ஓடினான். பாலத்தில் காற்று தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது.

"ஐயோ நைனா!" என்றது கொட்டகை முழுவதும்.

வெளியே போனவர்கள் சத்தம் கேட்டுப் போண்டாவோடு திரும்பி வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே தெருவில் போனவர்களும் சிலர் நுழைந்தார்கள். வேணு சீட்டின்மேல் ஏறி நின்று சொல்லிக்கொண்டே போனார்.

"பொய்!" என்று கதிரவன் மைக்கில் அலறினான். "அவன் தேனீயப் பத்திதான் யோசிச்சிகினு இருக்கான்!"

எல்லப்பன் வந்து மைக் ஒயரைப் பிடுங்கினார்.

கடைசிக் காட்சியில் தாடிக்காரன் வீடு போய்ச் சேர்கிறான். பெண்டாட்டி அவனை முக்காலியில் உட்காரவைக்கிறாள். கத்தியை எடுத்து மிச்சப் பாதியையும் வழித்து விடுகிறாள். "முழு மொட்ட ஆயிடுச்சி, இனிமே எவனுக்கும் தெரியாது, போ ராசா!" என்றார் வேணு. அவன் கதவைத் திறந்து பனிக்குள் இறங்குகிறான். ஒரு வெடிச்சத்தம். திரை வெள்ளையாக நின்றுவிட்டது.

வேணு சீட்டிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அரக்கோணம் ரயில் போயே போய்விட்டது.

ஐம்பத்திரண்டு பேர். எல்லப்பன் இரண்டு தரம் எண்ணினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். "மேஸ்திரிய வராதன்னு சொல்லிட்டேன். ஜெயிச்சிட்ட கதிரு. அடுத்த படத்துக்கும் வேணுவக் கூப்டு."

"எனக்கு வேணாம்" என்றான் கதிரவன். "பொய்யில வந்த ஜெயம். அடுத்த ஞாயித்துக்கெழம இதே படம், இதே வசனம். நான்தான் படிப்பேன். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் படிப்பேன். மண்டபமாக்கினா கல்யாணத்துல வந்து படிப்பேன்!"

"இன்னாத்துக்கு தம்பி கோவம்?" என்றார் வேணு. "கத்தி போற போக்கப் பாத்து சொன்னேன். அவ்ளோதான்."

கதிரவன் அவரை விட்டுவிட்டு, கண் சிவந்து வெளியே வந்த மோகனப்ரியாவை வழிமறித்தான். "டாக்டரம்மா, மொதல்லேர்ந்து அழுதுகினே பாத்தவங்க நீங்க ஒருத்தங்கதான். எது உண்மன்னு இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

அவள் துப்பட்டாவை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனாள். அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"நான் டாக்டருக்கு ஆறு வருஷம் படிச்சது ரஷ்யாவுலதாண்ணா. ஓடாம இருக்கத்தான் பாதி சிரைக்கறோம்னு அந்த ஜெயிலரே சொல்றாரு... ஆமா, நீங்க படிச்சீங்களே, அது எந்தப் படத்து வசனம்?"