சம்பந்தி வீட்டுக்கு வெளிறிய நீலம்

கம்பத்தில் இருக்கும் அன்பு மச்சான் வைகுண்டராஜ் அவர்களுக்கு, தேனியிலிருந்து ஜெபராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். என் மகள் ஏஞ்சல் அழுதுகொண்டிருக்கிறாள், உங்கள் தங்கை ஞானபாக்கியம் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், மற்றபடி சுகம். நீங்கள் கொஞ்ச நாளாகப் போனை எடுப்பதில்லை. திராட்சை வெட்டு நேரம், கை ஓயாது என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். ஏஞ்சல் கல்யாணத்தைச் சபைக்கு அறிவித்துச் சர்ச்சில் ஓலையும் வாசித்தாயிற்று. இப்போது மாப்பிள்ளையின் அப்பா கிறிஸ்டோபர், கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று போடியில் உட்கார்ந்திருக்கிறார். காரணம் பேனா. நம் வீட்டுப் பத்திரிகைக் கவரில் பெண்ணைப் பெற்றவன் தன் கையால், மைப் பேனாவில்தான் பேர் எழுதுவான், ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. மயில்நீல மை, ஒரே பாட்டில். நம் சொந்தத்துக்கும் கடைப் பழக்கத்துக்கும் என் பழைய தடி நிப் பேனா. சம்பந்தி வீட்டாருக்கு மட்டும், மாப்பிள்ளை செல்வின் எனக்கு ஆசையாக வாங்கித் தந்த ஜப்பான் பேனா. அதன் நிப் ஊசிமுனைதான். மரியாதை மச்சான், மரியாதைக்காகத்தான் அதை எடுத்தேன்! தடி நிப்பில் மை தாராளமாக இறங்கி, எழுத்தின் வளைவிலெல்லாம் தேங்கி, காய்ந்த பிறகு கருநீலமாக, சாய்த்துப் பார்த்தால் சிவப்பாகக்கூட மினுங்கியது. ஊசி நிப்பில் அதே மை, வேட்டிக்குப் போட்ட சொட்டு நீலம் மாதிரி வெளிறிக் கிடந்தது. எழுத்து முத்துமுத்தாக இருக்கிறதே என்று நான் அதை ரசித்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

என் கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் மினி லாரிக்காரர் ஈஸ்வரபாண்டியும் போடிக்காரர்தான். டீக்கடையில் அவருடைய கவரும் சம்பந்தியுடைய கவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. உடனே எனக்குப் போன். "லாரிக்காரருக்குக் கருகருன்னு எழுதிட்டு, எங்களுக்கு மை தீரப்போற நேரத்துல தண்ணி ஊத்தி எழுதுனீகளாக்கும்? பெயின்ட் கடை வச்சிருக்கீக, கலர் தெரியாதா ஒங்களுக்கு?"

நேரில் காட்டினால் புரியும் என்று இரண்டு பேனாவையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினேன். கூடம் நிறைய அவர்கள் சொந்தம். எல்லார் கண்முன்னும் ஒரே பாட்டிலில் இரண்டையும் நிரப்பி, தடி நிப்பில் கிறிஸ்டோபர் என்று எழுதினேன், கருநீலம். அடுத்து ஊசி நிப். எழுதவே மாட்டேன் என்கிறது. ஓர் உதறு உதறினேன். சம்பந்தியின் வெள்ளைச் சட்டை நெஞ்சில் பெரிய பெரிய சொட்டு. அவர் குனிந்து பார்த்தார். "இந்தப் பேனாவுல வெளிறித்தான் வரும்னீக. என் சட்டையில மட்டும் எப்படி இம்புட்டுக் கருப்பா வருது?" சொட்டாக விழுந்தால் மை நிறையத் தேங்கும், கோடாக இழுத்தால் கொஞ்சம்தான் இறங்கும் என்று நான் விளக்க விளக்க, சொட்டு அகன்றுகொண்டே போனது. அவர் தங்கை ஜான்சி வேறு, "சட்டையில வந்த கலரு நல்லாருக்குண்ணே, கவர்லயும் இப்பிடியே எழுதிருக்கலாம்ல" என்று எடுத்துக்கொடுத்தார். அதோடு சம்பந்தி எழுந்து உள்ளே போனவர்தான், வெளியே வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். பிள்ளைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உயிராக இருக்கின்றன. ஒரு நிப்பால் இது கெட்டுப்போனால் ஏஞ்சல் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? நீங்கள் தாய்மாமன், நீங்கள் சொன்னால் எடுபடும். போடிக்குப் போய், பத்திரிகையில் என்ன இருக்கிறது, மனசுதானே முக்கியம், இதற்கெல்லாமா பெரிய மனுசர் கோபித்துக்கொள்வது என்று நாலு வார்த்தை சொல்லுங்கள். இந்த மாதிரிச் சில்லறைக் கோபமெல்லாம் உங்களுக்கு வந்ததே இல்லை என்பதால்தான் உங்களைக் கேட்கிறேன்.

யுவராணி அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளையும் உங்கள் திராட்சைக் கொடிகளையும் கர்த்தர் கண்ணின் மணிபோலக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
ஜெபராஜ்

பி.கு.: இதை உறையில் போடும்போது ஞானபாக்கியம் வாயைத் திறந்தாள். "எங்க அண்ணனுக்குப் பத்திரிகை வச்சாச்சா?" தேடினேன். உங்கள் பெயரைத்தான் முதன்முதலில் எழுதியிருக்கிறேன், தடி நிப்பில், கருகருவென்று. மை காயட்டும் என்று கடைக் கலர் கார்டு புத்தகத்துக்குள் வைத்தது, அங்கேயே இருக்கிறது. போன் ஏன் எடுக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் பத்திரிகையோடு வருகிறோம், கதவைச் சாத்திவிடாதீர்கள். போடிக்குப் போகும்போது மேலே சொன்னதெல்லாம் வேண்டாம். "ஒங்களுக்கு வெளிறியாவது வந்துச்சு, தாய்மாமன் எனக்கு வரவே இல்ல" என்று மட்டும் சம்பந்தியிடம் சொல்லுங்கள். அவர் மனசு ஆறிவிடும்.