எதிர்க்கடையில் இன்று என்ன?

கண்ணாடிக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்த பிரஷ்ஷை வாளைப் போல் உயர்த்திச் சபதம் செய்தார்.

"ஒரே மாசம்! எதிர்க்கடைக்காரன் கதவைச் சாத்திட்டு ஓடணும். இல்லேன்னா என் பேரை மாத்திக்கறேன்!"

"முதல்ல வாயைக் கொப்பளிங்க. நுரை சட்டையில வழியுது," என்றாள் மனைவி.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தத் தெருவில் மூக்குக்கண்ணாடி என்றால் அவர் கடைதான். எட்டடி அகலம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அவ்வளவுதான், ஆனாலும் ஊரே வந்தது. மூன்று மாதம் முன்பு எதிரே ஒருத்தர் புதுக்கடை திறந்தார். தானே திறக்கும் கதவு! தரையெல்லாம் விளக்கு! உள்ளே போனால் குளிரில் மூக்கு விறைத்துக்கொள்ளும். விறைத்த மூக்கில் எந்தக் கண்ணாடியும் கச்சிதமாக நிற்கும் போலிருக்கிறது, கூட்டம் அப்படியே அங்கே சாய்ந்துவிட்டது.

நம்மவர் கடைக்கு வந்தது ஈயும், மணி கேட்பவர்களும்தான்.

இப்படியே போனால் மச்சினனின் சிமெண்ட் கிடங்கில் மூட்டை எண்ணப் போக வேண்டியதுதான். மச்சினன் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டான். "கவலைப்படாதீங்க மாமா, உங்களுக்குத்தான் பார்வை நல்லா இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புக்காகவே கடையைக் காப்பாற்றியாக வேண்டும்!

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் மனைவி. "கண்ணாடியில திருகு லூஸாயிடுச்சுன்னு எத்தனையோ பேர் கையில பிடிச்சுக்கிட்டு அலையறாங்க. எங்க வாங்கினதா இருந்தாலும் சரி, உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சு, சும்மா இறுக்கி, துடைச்சுக் குடுங்களேன். ரெண்டு நிமிஷ வேலை."

"அவன் வித்த கண்ணாடிக்கு நான் திருகு இறுக்கறதா? திருகு லூஸானது கண்ணாடிக்கு இல்ல, உனக்கு!"

"சரிங்க."

"வியாபாரம்னா அது வேற. நான் யோசிச்சு வெச்சிருக்கேன். நீ தினம் நாலு மணிக்கு அந்தக் கடைக்குப் போற. ஃப்ரேம் பாக்கற மாதிரி நடிக்கற. கண்ணு கண்ணாடி மேல, காது அவங்க மேல. அவன் என்ன பண்றான்னு வந்து சொல்ற."

"வேவு பாக்கச் சொல்றீங்களா?"

"சத்தம் போடாதே! பின்தெரு வாசல் வழியாப் போ. முன்னால வந்தா உன்னைப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துடும், காரியம் கெட்டுடும்."

"சரிங்க."

மனைவி ஒரே காலையில் இரண்டு முறை 'சரிங்க' சொன்னால் வேறு எந்தக் கணவனும் உஷாராகிவிடுவான். இவருக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலை கடையைப் பூட்டியும் பூட்டாமலும் வீட்டுக்கு ஓடினார்.

"சொல்லு, சொல்லு! என்ன பாத்தே?"

"ஒரு பெரியவர் வந்தாருங்க. கண்ணாடி வேற எங்கேயோ வாங்கினது. உக்கார வெச்சு, திருகைச் சும்மா இறுக்கி, துடைச்சுக் குடுத்தாங்க. மனுஷன் முகத்தைப் பாக்கணுமே!"

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். "பாத்தியா! இதுதான் மூளை! இதெல்லாம் உனக்குத் தோணுமா?"

"எனக்கு எப்படிங்க தோணும்?"

மறுநாள் காலை கடை வாசலில் அட்டை தொங்கியது: 'எங்கே வாங்கிய கண்ணாடியானாலும் திருகு இறுக்கித் தரப்படும். இலவசம்.' முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் பதினேழு பேர். திருகு இறுக்க வந்த ஒரு டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அலமாரியைப் பார்த்து, தனக்கும் தங்கைக்கும் சேர்த்துப் புதுக்கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனார்!

"இன்னைக்கு என்ன? இன்னைக்கு என்ன?" இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டார்.

"கண்ணாடி வாங்கினவங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சு போன் பண்றாங்க. 'காது வலிக்குதா, மூக்கு அழுத்துதா, படியில இறங்கும்போது தலை சுத்துதா'ன்னு கேக்கறாங்க."

"அட! வித்த அப்புறமும் பேசறானா? வித்தைக்காரன்யா!"

அவரும் போன் செய்தார். லாரி ஓட்டுநர் ஒருவர், "என் சம்சாரம்கூட இப்படிக் கேட்டதில்லைங்க," என்று உருகிப்போனார். அடுத்த வாரம் சக ஓட்டுநர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்து மனைவி கொண்டுவந்த செய்திதான் மகுடம்.

"கண்ணு சரியாத் தெரியாதவங்க தங்க கண்ணாடியைக் கழட்டிட்டுப் புது ஃப்ரேமை மாட்டிப் பாப்பாங்க இல்ல? ஃப்ரேம்ல பவர் கிடையாது. தன் மூஞ்சி தனக்கே தெரியாது. பனிமூட்டத்துல நிக்கற மாதிரி இருக்கும்."

"ஆமா, அதுக்கு?"

"அங்க அவங்களைப் போன்ல போட்டோ எடுத்துடறாங்க. அப்புறம் பழைய கண்ணாடியை மாட்டிக்கிட்டு போட்டோவைப் பாத்துக்கலாம்."

கண்ணாடிக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பத்தொன்பது வருஷமாக முகமே தெரியாமல் 'நல்லாத்தான் இருக்கு' என்று தலையாட்டியவர்களை நினைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"அவன் எதிரிதான். ஆனா மேதை!" என்றார்.

அந்த மேதையைப் பார்த்துப் பார்த்துச் செய்ததில் ஒரே மாதத்தில் கடை நிமிர்ந்துவிட்டது. நாற்காலி போதாமல் நாலு ஸ்டூல் போட்டார். கண்ணாடி போட்டவர்களும் வந்தார்கள், போடாதவர்களும் வந்தார்கள். எதிர்க்கடையின் தானே திறக்கும் கதவு, பூனை குறுக்கே போனால்தான் திறந்தது.

இவர் விடவில்லை. "இன்னும் ஏதாவது பண்றானா?"

மனைவி சற்றுத் தயங்கினாள். "கடையில ஒண்ணும் புதுசா இல்ல. ஆனா... பேசிக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமைன்னா அவர் வீட்டுல சமையல் அவர்தானாம். பாத்திரமும் அவரே கழுவிடுவாராம். அன்னைக்கு சம்சாரம் அடுப்பு பக்கமே வரக்கூடாதாம். அதனாலதான் திங்கட்கிழமை மனசு தெளிவா, புதுசு புதுசா யோசனை வருதாம்."

"சமையலுக்கும் யோசனைக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கு வியாபாரம் என்னங்க தெரியும்? காதுல விழுந்ததைச் சொன்னேன்."

எதிரியிடம் ஒரு விஷயத்திலும் தோற்கக் கூடாது! அந்த ஞாயிறே கரண்டி பிடித்தார். முதல் வாரம் சோறு கரியானது, அடுத்த வாரம் சோறானது. மூன்றாவது ஞாயிறு பாத்திரம் கழுவும்போது பாட்டுக்கூடப் பாடினார்.

நாலாவது சனிக்கிழமை மாலை ஒருத்தர் கூச்சத்தோடு கடைக்குள் நுழைந்தார். ஒரு கையில் கண்ணாடி, இன்னொரு கையில் அதிலிருந்து கழன்ற காதுக்கம்பி. பார்த்தால் எதிர்க்கடைக்காரர்!

"அண்ணே, திருகு விழுந்துடுச்சு. நீங்க சும்மா போட்டுக் குடுக்கறீங்களாமே."

"எங்கிட்ட வர்றீங்களா? அதை ஆரம்பிச்சதே நீங்கதானே!"

"நாங்களா? எங்க கடையில ரிப்பேரே கிடையாதுண்ணே. வெளியூருக்கு அனுப்பணும், பத்து நாள் ஆகும்."

"போன் பண்ணி விசாரிப்பீங்களே?"

"யாரை?"

"போட்டோ எடுத்துக் காட்டுவீங்களே?"

"எதுக்கு?" எதிர்க்கடைக்காரர் இவரை ஆச்சரியத்தோடு பார்த்தார். "அண்ணே, இதெல்லாம் நீங்க பண்றதுன்னு ஊரே பேசுது. எப்படித்தான் உங்களுக்குத் தோணுதோ!"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த திருகு நழுவி உருண்டது. கடைசி நம்பிக்கையோடு கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுல சமையலாவது நீங்கதானே?"

"வீடா? மெஸ்ல சாப்பிடறேண்ணே. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!"

கண்ணாடி விற்றவருக்கு அப்போதுதான் கண் திறந்தது! திருகைத் தேடிப் போட்டுக் கொடுத்தார், பழக்கதோஷத்தில் துடைத்தும் கொடுத்தார். கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

மனைவி பக்கத்து வீட்டு அக்காவோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததும் அக்கா சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

"நாலு மணிக்கு தினம் எங்கே போனே?"

"இதோ, இங்கதான். நாலு காயை ஒரே அடியில போடறேன் இப்பல்லாம், பாக்கறீங்களா?"

"அப்ப அந்த யோசனையெல்லாம்?"

"நான் சொன்னா கேப்பீங்களா? அவர் சொன்னாத்தானே கேக்கறீங்க!"

கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்தார். ஆனாலும் ஒரு அஸ்திரம் பாக்கி இருந்தது. இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சமையல் கதை விட்டியே, மாட்டிக்கிட்டே! அவனுக்குக் கல்யாணமே ஆகல!"

மனைவி சிவப்புக் காயைக் குறி பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அப்படியா, பாவம். அதான் அவர் கடையில கூட்டமே இல்ல."