மட்டையர் தந்த கட்டில்

எனக்கு எழுபத்தெட்டு வயது. நாலு பிள்ளையளை வளர்த்து ஆளாக்கினனான். இப்ப கடைசி மகளோட இருக்கிறன். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான், ஒவ்வொரு வீட்டாலயும் எழும்பேக்கை ஏதோ ஒண்டைத் தெருவில விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். ஆனால் மட்டையரைப் போல ஒரு விசரனை இந்த லண்டன் முந்திக் கண்டதுமில்லை, இனிக் காணப்போறதுமில்லை.

மிச்சம் எண்ட இடத்தில நாங்கள் இருந்த வீட்டின்ரை பின் அறையில அவர் வாடகைக்கு இருந்தார். தமிழ்க் கடையில வேலை. கடைக்கு வாற வாழைப்பழப் பெட்டி, பிரிட்ஜ் பெட்டி எல்லாத்தையும் பிரிச்சுக்கொண்டு வருவார். கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டி, கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் அந்த மட்டையில செய்வார், அதாலதான் அந்தப் பேர். ஆணி ஒண்டும் கிடையாது. வீட்டுக்காரன் எழும்பச் சொன்னால் மடிச்சுக் கக்கத்தில வைச்சுக்கொண்டு டிராமில ஏறலாமாம். மரமும் வெட்டத் தேவையில்லை எண்டு பிறகொரு பிரசங்கம்.

"தூக்கேலாததை வைச்சிருக்கக் கூடாது அக்கா." இதுதான் அவற்றை தேவாரம்.

நான் விடுவனே? மூத்தவன் வாங்கித் தந்த மரக்கட்டில் என்னட்டை இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் அது முன்னால போகும், நான் பின்னால போவன். செத்தாலும் அதிலதான் எண்டு சொல்லி வைச்சிருந்தனான்.

ஒருக்கா அவற்றை மருமகளை, தங்கச்சியின்ரை மகளை, பெண் பார்க்க சட்டன் எண்ட ஊரில இருந்து மாப்பிள்ளை பகுதி வந்தது. மட்டையில செய்த நீட்டுக் கதிரையில, செற்றியில, அவையை இருத்தினார். ஆரோ தேத்தண்ணியை ஊத்திப்போட்டினம். பசை இளகிச்சுது. மாப்பிள்ளையின்ரை தேப்பன் மெல்ல மெல்ல, மரியாதையாய், நிலத்துக்கு இறங்கினார். வந்த இடத்தில குறை சொல்லக் கூடாதெல்லே, கீழ இருந்தபடியே பலகாரம் நல்லாயிருக்கு எண்டார். கலியாணம் சரிவந்திட்டுது. அது செற்றியின்ரை ராசி எண்டு மட்டையர் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சார்.

பிறகு வீட்டுக்காரன் வீட்டை விக்கப்போறன் எண்டு எல்லாரையும் எழுப்பினான். மட்டையருக்கு லண்டனின்ரை மற்றத் தொங்கலில, பார்க்கிங் எண்ட ஊரில, அரசாங்கத்தின்ரை கவுன்சில் வீடு கிடைச்சுது, ஆரும் எழுப்பாத வீடு. எங்களுக்குக் கிடைச்சது மூண்டாம் மாடி, ஒடுக்கப் படி. முதல் வளைவிலயே என்ரை கட்டில் இறுகிப் போச்சு. அறுத்துத்தான் எடுத்தவை. நான் படியில இருந்து அழுதன். இனி எங்கை படுக்கிறது, எங்கை சாகிறது எண்டு ஒண்டும் விளங்கேல்லை.

கொஞ்ச நாளால மட்டையர் வந்தார், தலையில ஒரு மட்டைக் கட்டு. பார்க்கிங்கிலிருந்து அதைச் சுமந்து ரயிலும் டிராமும் மாறி வந்திருக்கிறார். விரிச்சால் கட்டில்.

"பசை இல்லை அக்கா, மட்டையை மட்டையில கொழுவினதுதான். தேத்தண்ணி ஊத்தினாலும் இறங்காது."

"நான் மட்டையில படுக்கிற ஆளில்லை."

"அப்ப நானும் வீட்டை போற ஆளில்லை" எண்டு நிலத்தில சப்பாணி கொட்டி இருந்திட்டார்.

வேற வழியில்லாமல் படுத்தன்.

"ஆடுதோ?"

"இல்லை."

அந்தாளின்ரை முகத்தை அப்ப நீங்கள் பார்த்திருக்கவேணும்.

சொந்தம் மாதிரி வீடு கிடைச்சும் மனுசன் ஒரு மரக்கதிரை வாங்கேல்லை. போன மாரியில செத்துப்போனார். சாமான் ஒழிக்கப் போன மருமகள், முழு வீட்டுச் சாமானையும் மடிச்சு ஒரே தரத்தில தூக்கிக்கொண்டு வந்து குப்பைப் பெட்டியடியில வைச்சிட்டு நிண்டு அழுதாளாம். ஆரும் எழுப்பாத வீட்டிலயும் அவர் எழும்ப ஆயத்தமாய்த்தான் இருந்திருக்கிறார்.

இப்ப எங்களையும் திரும்ப எழும்பச் சொல்லியாச்சு. கட்டிலை மடிக்கவோ எண்டு மகள் கேட்கிறாள். மற்றதெல்லாத்தையும் முதல் கட்டு பிள்ளை எண்டன். மடிக்கிறதுக்கெண்டே அவர் செய்தது, எனக்குத்தான் மனம் வருகுதில்லை.

துஷி, அம்மம்மா சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு மோனை. "ஆடுதோ" எண்ட இடத்தில ஆறுதலாய் வாசி.