முதலில் பூனை, அப்புறம் மனைவி

தோல் வியாதிக்காரனுக்கு இந்த நாட்டில் வைத்தியர் பஞ்சமே கிடையாது. டீக்கடையில் டம்ளரை நீட்டுகிறவர்கூட யோசனை சொல்வார். எனக்குப் பள்ளிக்கூட நாள் முதலே கரப்பான். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் வரும், போகும். வந்துவிட்டால் சொறிந்து சொறிந்து சட்டையெல்லாம் ரத்தப் புள்ளி. கத்தரிக்காயையும் கருவாட்டையும் அம்மா என் தட்டிலிருந்து ஒழித்து வருஷக்கணக்காகிறது. (கரப்பான் குறையவில்லை. கருவாட்டு ஆசைதான் கூடியது.)

கல்யாணமாகி கவிதா அரியலூருக்கு வந்தபோது, கூடவே சீனி என்ற வெள்ளைப் பூனையும் வந்தது. திருமானூரில் அவள் பால் புகட்டி வளர்த்தது. வந்த அன்றே என் தலையணையைப் பட்டா போட்டுக்கொண்டது. சித்திரை வெயிலில் எனக்கு அரிப்பு எகிறியது.

"எல்லாம் அந்தப் பூன முடிதான்டா. எங்கயாச்சும் கொண்டு போயி வுட்டுட்டு வா" என்றாள் அம்மா.

"சீனி போனா நானும் போறேன்" என்றாள் கவிதா.

நான் நடுவில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தேன்.

ஆடி பிறந்தது. முதல் ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள் இல்லையா, மாமனாரும் சீரோடு வந்து மகளை அழைத்துப் போனார். அம்மாவை நம்பாத கவிதா பூனையையும் தூக்கிக்கொண்டாள். அந்த மாதமே என் தோல் பளபளவென்று ஆகிவிட்டது.

ஆவணியில் மனைவியை அழைத்துவரத் திருமானூர் போனேன். தடபுடலாகக் கறிச்சோறு. பந்தியில் பாதி ஊர் சொந்தக்காரர்கள். "இப்ப அரிப்பு தேவலையா மாப்ள?" என்று மாமனார் அக்கறையாகக் கேட்டார்.

நான் அறிவியல் வாத்தியார். 'தேவலை மாமா' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம்.

"சூப்பரா இருக்கு மாமா. இவங்க போனதுலேர்ந்து அரிப்பே இல்ல."

"எவங்க போனதுலேர்ந்து?" ரசச் சட்டியோடு வந்த கவிதா நின்றாள்.

"நீயும் பூனையும்."

பந்தியில் எல்லாரும் இலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். யாருக்கும் புரியவில்லை போல என்று நினைத்து விளக்க ஆரம்பித்தேன். "ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டதால யாரு காரணம்னு சொல்ல முடியல. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்திப் பாக்கணும். அதனால ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போறேன்."

"மொதல்ல யாருங்க மாப்ள?" என்று மாமியார் ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"பூனதான் அத்தை. அதுமேலதான சந்தேகம்!" (கவிதாவுக்கு மரியாதை செய்ததாகவே நினைப்பு.)

கவிதா ரசம் ஊற்றாமல் உள்ளே போனாள். சீனியை ஒயர் கூடையில் வைத்து, துண்டால் மூடிக் கட்டி, என் இலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "பத்தரமா கூட்டிட்டுப் போங்க. நான் எப்ப வரணும்னு ஒங்க தோலு சொல்லட்டும்."

பஸ் முழுக்கச் சீனி கத்திக்கொண்டே வந்தது. அரியலூரில் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்கடா மருமவ?"

"அவ அடுத்த தடவம்மா."

அம்மா ஆரத்தியை வாசலில் கொட்டிவிட்டு, "கூறுகெட்ட பய" என்று உள்ளே போய்விட்டாள்.

வினை அதற்கப்புறம்தான். பூனை என் தலையணையிலேயே படுத்துக் கிடந்தும் ஒரு பொட்டு அரிப்பு இல்லை! என் கணக்குப்படி குற்றவாளி கவிதா. அவள் போன் செய்து "தோலு என்னங்க சொல்லுது?" என்றால், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவேன். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வராமலே இருந்துவிடுவாளோ என்று பயம் வேறு. அரிப்பு வராதா என்று சீனியை எடுத்து முகத்தில் தேய்த்துக்கூடப் பார்த்தேன். கீறல்தான் மிச்சம்.

கடைசியில் ஒருநாள் வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது முழங்கை அரித்தது. நல்ல சிவப்புத் தடிப்பு. அரை நாள் லீவு போட்டுத் திருமானூர் பஸ் ஏறினேன். "கவிதா, வந்துடுச்சு பாரு!" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வாசலில் கூவியதைக் கேட்டு மாமியார் பயந்துவிட்டார்.

கவிதா தடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. "அப்ப சீனிதான் காரணமா? அத வுட்டுட்டு வரணுமா?"

இதை நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் இருவரும் பெரம்பலூரில் தோல் டாக்டரைப் பார்த்தோம். முழுக்கதையும் கேட்டவர், நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சிரித்து முடித்துவிட்டு, "இது தானா ஏறும், தானா அடங்கும் சார். பூனையால சிலருக்குக் கூடும், சிலருக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு மாசத்த வச்சுக்கிட்டு யாரு மேலயும் பழி போடாதீங்க. பூனையப் படுக்கையில ஏத்தாதீங்க. குளிச்சதும் க்ரீம் தடவுங்க" என்றார்.

கவிதா வந்தாள். சீனி தலையணையை விட்டு நாற்காலிக்குக் குடிபோனது. அரிப்பு இன்றும் வருகிறது, போகிறது.

இப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டில் மிக்சி ஓடாவிட்டாலும் சரி, சாம்பாரில் உப்பு கூடினாலும் சரி, "அம்மா, அப்பாவ ஒரு மாசம் திருமானூருக்கு அனுப்பிப் பாக்கலாமா?" என்பாள்.

"அனுப்பலாம்டி. இந்த வூட்டுல இன்னும் சோதிச்சுப் பாக்காத ஆளு அவரு ஒருத்தருதான்" என்பாள் கவிதா.